பூட்டிய டாங்கில் குறைந்த பெட்ரோல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உத்திரமேரூர் கடைத்தெருவில் அந்த ஜெராக்ஸ் கடை வாசலில் வந்து நின்றபோது, தினகரனின் சட்டைப்பையில் ஒரு துடைப்பக்குச்சி இருந்தது. குச்சியில் நீல மையில் வரிசையாகக் கோடுகள். அதை வெளியே எடுப்பதா, அப்படியே திரும்பிப் போய்விடுவதா என்று அவன் மூன்று முறை யோசித்தான். பெண்டாட்டி சங்கதியை வெளியாளிடம் சொல்ல வேண்டுமென்றால் யாருக்குத்தான் நாக்கு எழும்?

"இன்னா தம்பி, ஜெராக்ஸா?" என்றார் கடைக்காரர் தணிகைவேல்.

"இல்லண்ணா. அக்காவப் பாக்கணும்."

தணிகைவேலின் முகம் மலர்ந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தினார். "கனகா! ஒரு கேஸ் வந்துகீது!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

கனகா வண்டி இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்து என்று சொல்லி வருகிறவர்களில் யார் சொல்வது நிஜம், யார் விடுவது புளுகு என்று வண்டியைப் பார்த்தே சொல்லிவிடுவார். வாலாஜாபாத் முதல் மதுராந்தகம் வரை டிரைவர்களுக்கு அவரைத் தெரியும். இருபது ஆண்பிள்ளைகள் நிற்கும் பட்டறைக்குள் தனியாகப் போய்வருகிற பெண்டாட்டியை வைத்துக்கொண்டு, இந்தத் தணிகைவேலால் எப்படி இவ்வளவு நிம்மதியாக இருக்க முடிகிறது என்பது தினகரனுக்கு விளங்கவில்லை.

கனகா வந்து உட்கார்ந்தார். தினகரன் சொல்லத் தொடங்கினான்.

அவனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, முதல் ஷிப்டு. விடியற்காலை ஐந்துக்குக் கம்பெனி பஸ். அவனுடைய பன்னிரண்டு வயதான மோட்டார் சைக்கிள் பகல் முழுக்க வீட்டோரம் நிற்கும். மாலை நாலரைக்குத் திரும்பி வந்து பார்த்தால் டாங்கில் பெட்ரோல் குறைந்திருக்கிறது. பதினைந்து நாளாக இதே கதை.

"டாங்க் மூடிக்குப் பூட்டு கீதா?" என்றார் கனகா.

"கீதுக்கா. சாவி ஒண்ணே ஒண்ணு. அது என் பாக்கெட்ல கம்பெனிக்கு வந்துடுது."

"கிலோமீட்டர் ஏறிகீதா?"

"பகல்ல ஒரு புள்ளி ஏறல. மீட்டர் ஒயரக் கயட்டி உட்டுட்டு ஓட்டறாங்க."

"யாரு?"

தினகரன் தரையைப் பார்த்தான். "எம் பொண்டாட்டி மோகனா. அவளுக்கு ஓட்டத் தெரியாது. அப்போ, ஓட்டறவன் ஒருத்தன் இருக்கணும் இல்ல?"

அந்த ஒருத்தன் யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. ஜெகன். மோகனாவின் அத்தை மகன். முறைமாப்பிள்ளை என்று ஒரு காலத்தில் இரு வீட்டிலும் பேச்சு அடிபட்டு, ஜாதகத்தில் நின்றுபோன சம்பந்தம். இன்று ஜெகனுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது. பஸ் நிலையத்துப் பக்கம் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். கைராசிக்காரன் என்று பேர். அந்தப் பேரைக் கேட்டாலே தினகரனுக்கு வயிறு எரியும். ஆறு வருஷமாக வண்டிக்கு எது வந்தாலும் செங்கல்பட்டு வரை கொண்டுபோவானே தவிர, அந்தக் கடைப் படியை மிதித்ததில்லை.

"மூணு வாரம் முன்னாடி பெட்ரோல் காக்குல லேசா கசிஞ்சிதுக்கா. அதக்கூட நானே கயட்டி, வூட்ல இருந்த சாமானை வச்சே சரி பண்ணிட்டேன். எவன் கடைக்கும் போவல" என்றான் பெருமையாக. டாங்கின் அடியில் பெட்ரோலைத் திறக்கவும் மூடவும் இருக்கும் சின்னத் திருகிக்குத்தான் அந்தப் பக்கத்தில் காக் என்று பேர்.

"சரி. ஜெகன்தான்னு எத வச்சி சொல்ற?"

தினகரன் அடுக்கினான். மோகனாவின் கையில் பெட்ரோல் வாசனை அடிக்கிறது. புடைவைத் தலைப்பிலும் அடிக்கிறது. மெக்கானிக் கையைத் தொடாமல் அந்த வாசனை எங்கிருந்து வரும்? புதன்கிழமை அவள் ஜெகன் கடையில் நின்று பேசியதை எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் கண்ணால் பார்த்திருக்கிறாள். குளியலறைச் சுவருக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த உடைந்த பானைக்கு அடியில், ஒரு பாட்டில் பெட்ரோல் ஒளித்து வைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், அவன் கவனிக்கும் முன்பே அவள்தான், "வண்டி கிட்ட பெட்ரோல் வாசன வருதுங்க" என்று சொன்னாள்.

"அதுக்கு நீ இன்னா சொன்ன?"

"வண்டியப் பத்தி உனக்கு இன்னா தெரியும், எவன் சொல்லிக் குட்த்தான்னு கேட்டேன். அதுக்கப்பறம் அவ வாயத் தொறக்கல. மடியில கனம் இல்லாதவளா இருந்தா பதில் சொல்லியிருப்பா இல்ல?"

தணிகைவேல்தான் தாங்கமாட்டாமல், "ட்யூப உருவி காக்கு வழியா எடுக்கறாங்களோ?" என்றார்.

"அதுக்கும் பொறி வச்சேண்ணா. காக்க ஆஃப்ல வச்சி, பட்டு நூலால இறுக்கிக் கட்டிட்டுப் போனேன். வந்து பாத்தா நூல் அப்படியே கீது, பெட்ரோல் மட்டும் இல்ல. அவுத்துட்டு மறுபடி கட்டியிருக்கா!"

அவன் குச்சியை எடுத்து நீட்டினான். காலையில் டாங்குக்குள் விட்டுப் பார்த்து ஒரு கோடு, மாலையில் ஒரு கோடு. கனகா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாயந்தரம் வண்டி ஒரே உதையில கெளம்புதா?"

"எங்கக்கா! பத்து உதை வாங்குது. கெளம்பினா கறுப்பா பொகை. கண்டவன் கண்டபடி ஓட்டினா அப்படித்தான ஆவும்?"

"ராத்திரி படுக்கறப்போ ஒரு கோடு போட்டுப் பாத்தியா?"

"ராத்திரி எதுக்குக்கா? சாயந்தரம் நானே ஓட்டறேன், அதுல கொறையத்தான செய்யும். ராத்திரிதான் நானே வூட்ல கீறேனே."

கனகாவின் உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பா, வருத்தமா என்று தினகரனால் சொல்ல முடியவில்லை. அவனுக்கு அவசரம். "இன்னிக்கு ரெண்டு மணிக்கு எம் மாமனார் வர்றாரு, திருமுக்கூடல்ல ஏர் ஓட்றவரு. நான்தான் வரச் சொன்னேன். ஆதாரத்தோட பேசி, பொண்ணக் கூட்டிக்கினு போங்கன்னு அனுப்பிடப் போறேன். ஆதாரம் மட்டும் நீங்க குட்த்தா போதும்."

"வண்டி எத சொல்லுதோ அதத்தான் நான் சொல்லுவேன். அது எந்தப் பக்கம் போனாலும் ஒத்துக்குவியா?"

"ஒத்துக்கறேன்" என்றான் தினகரன். எந்தப் பக்கம் போகும் என்பதில் அவனுக்கு அவ்வளவு நிச்சயம்.

தினகரனின் வீடு ஊருக்கு மேற்கே இரண்டு கிலோமீட்டரில், ஏரி வாய்க்காலை ஒட்டி இருந்தது. கனகா ஸ்கூட்டரை ஓட்ட, தணிகைவேல் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஷேர் ஆட்டோவில் முன்னால் போய் இறங்கிய தினகரன் அதைப் பார்த்து முகம் சுளித்தான். மோகனா வாசலில் வந்து, "வாங்கக்கா, வாங்கண்ணா" என்றாள். அழுதிருந்த கண்கள். உள்ளே, மடித்த புடைவைகளோடு ஒரு பை தயாராக இருந்தது. அப்பா எதற்கு வருகிறார் என்பது அவளுக்கும் தெரியும்.

வண்டி பக்கவாட்டுச் சுவரோரம், முருங்கை மரத்தடியில், சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. கனகா அதைத் தொடவே இல்லை. முதலில் தரையைத்தான் பார்த்தார். மரத்தடி முழுக்கப் புல் பச்சென்று கிடக்க, இன்ஜினுக்குக் கொஞ்சம் பின்னால் மட்டும் ஒரு சாண் வட்டத்துக்குக் காய்ந்து வெளுத்திருந்தது. பிறகு முன்சக்கரத்தைப் பார்த்தார். மீட்டர் ஒயர் மாட்டியிருக்கும் இடத்தில் வயல் சேறு காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"இத போட்டோ எடுத்துக்குங்க" என்றார் கணவரிடம். தணிகைவேல் சேற்றையும் புல்லையும் சுவரையும், கேட்காமலே கோவிந்தம்மாள் வீட்டு ஜன்னலையும் சேர்த்து எடுத்தார்.

கனகா இன்ஜின் ஆயில் குச்சியை உருவி முகர்ந்தார். "ஆயில் எப்போ மாத்தின?"

"போன மாசம். அளவாத்தான் ஊத்தினேன்."

"இப்போ அளவுக்கு மேல கீது" என்றார் அவர். சொல்லிவிட்டுக் காக்கில் கட்டியிருந்த நூல் முடிச்சைக் குனிந்து பார்த்தார். "உங்கப்பா இன்னா வேலை?"

"காஞ்சிபுரத்துல தறி நெய்யறாருக்கா. நானும் பத்து வருஷம் நெய்ஞ்சிருக்கேன்."

அடுத்து ஒளித்து வைத்த பாட்டில் வந்தது. கனகா அதை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அடியில் கறுப்பாகப் பொடிப் பொடியாக ஏதோ படிந்திருந்தது. மேலே இரண்டு முருங்கை இலை மிதந்தது. கடைசியாக அவர் வீட்டுச் சுவரைப் பார்த்தார். ஆணியில் ஒரு பழைய சைக்கிள் ட்யூப் தொங்கியது. அதில் ஓரிடத்தில் வட்டமாக வெட்டி எடுத்திருந்தது.

தினகரன் மூடியைத் திறக்க, கனகா அவனுடைய குச்சியையே டாங்குக்குள் விட்டு, நனைந்த இடத்தில் கோடு போட்டார். மணி பத்தே முக்கால். "மூடியப் பூட்டி சாவிய நீயே வச்சிக்க. ரெண்டு மணி வரைக்கும் யாரும் வண்டி கிட்ட போவக் கூடாது. எல்லாரும் இங்கயே உக்காந்துக்கினு இருப்போம்."

அப்படியே உட்கார்ந்தார்கள். மோகனா டீ கொண்டுவந்தாள். அவள் டம்ளரைத் தணிகைவேலிடம் கொடுக்கும்போது விரல் பட்டதா இல்லையா என்று தினகரன் உற்றுப் பார்த்தான். ஐம்பத்து மூன்று வயது ஜெராக்ஸ்காரரையும் அவன் விட்டுவைக்கவில்லை. பொறாமைக்கு இந்த வயசு, அந்த வயசு என்று ஏது? மோகனா ஒரு தடவையும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் அவன் ஷிப்டு முடிந்து வந்தால் கேட்டருகே நிற்பாள். அது எப்போது நின்றது என்று யோசித்தான். நினைவுக்கு வரவில்லை.

இரண்டு மணிக்கு மாமனார் பெருமாள் வந்து சேர்ந்தார். பஸ் தூசியோடு, செருப்பை விட்டுவிட்டு, மகளின் பையைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். "இன்னா மாப்ள, எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணா?" என்று கேட்டார்.

"உக்காருங்க பெரியவரே. அத சொல்லத்தான் நான் வந்துகீறேன்" என்றார் கனகா. "தம்பி, மூடியத் தொறந்து குச்சிய உடு."

தினகரன் விட்டான். எடுத்தான். கோட்டுக்குக் கீழே ஒரு நகக்கண் அளவு இறங்கியிருந்தது. மறுபடி விட்டுப் பார்த்தான். அதே அளவுதான்.

"மூணே கால் மணி நேரம். நீ, நான், அவரு, மோகனா எல்லாரும் கண்ணு முன்னாடி கீறோம். ஜெகன் வந்தானா?"

தினகரன் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"காலைலயே எனக்குப் பாதி தெரிஞ்சி போச்சு" என்றார் கனகா, குரலை உயர்த்தாமல். "நீ காத்தால ஒரு கோடு, சாயந்தரம் ஒரு கோடு போட்ட. ராத்திரிக்குப் போடல. போட்டிருந்தா, அவ உம் பக்கத்துல படுத்திருக்கறப்பவும் பெட்ரோல் கொறையுதுன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நீ பெட்ரோல அளக்கல தம்பி. நீ இல்லாத நேரத்த அளந்துக்கினு இருந்த."

"நூல அவுத்து..." என்று இழுத்தான் தினகரன்.

"அந்த முடிச்சு தறிக்காரன் போடற முடிச்சு. அறுந்த இழைய ஒட்றதுக்குப் போடுவீங்களே, அது. ஏர் ஓட்ற வூட்டுப் பொண்ணு அத அவுத்து, அதே மாதிரி திரும்பப் போட முடியாது. அப்போ காக்க யாரும் திருப்பல. மீட்டர் ஒயர் மேல சேறு ஒடையாம கீது. அப்போ யாரும் கயட்டல, ஓட்டல. மூடிக்குச் சாவி உங்கிட்ட. திருடன் உள்ள வர வழியே இல்ல. பெட்ரோல்தான் தானா வெளிய போயிருக்கணும்."

"மூடின காக்கு வழியாவா?" என்றார் தணிகைவேல் ஆவலாக.

"மூடிச்சின்னு நாம நெனச்ச காக்கு வழியா." கனகா ஒரு குச்சியால் மண்ணில் வரைந்தார். "டாங்குக்குள்ள ரெண்டு பைப்பு நிக்குது. ஒண்ணு ஒசரம், ஒண்ணு குட்டை. ஆன்ல வச்சா ஒசரமானது வழியா பெட்ரோல் எறங்கும். மட்டம் அதுக்குக் கீழ போனா வண்டி நின்னுடும். ரிசர்வுல வச்சா குட்டை வழியா, அடில மிச்சம் இருக்கறது வரும். ஆஃப்ல ரெண்டுமே அடைபடணும். அதுக்கு உள்ள ஒரு ரப்பர் வாஷர்தான் காவல். நாலு ஓட்டை போட்ட வாஷர், பெட்ரோலுக்குன்னே செஞ்சது. அது கெட்டா ஆஃபும் ஆனும் ஒண்ணுதான்."

அவர் தலையசைக்க, தணிகைவேல் டாங்கில் இருந்த பெட்ரோலைக் கேனில் இறக்கிவிட்டு, காக்கின் இரண்டு திருகாணிகளைக் கழற்றினார். உள்ளேயிருந்து கறுப்பாக, பிசுபிசுவென்று, ஊறிப்போன ஒரு துண்டு வந்தது. சைக்கிள் ட்யூப். அதில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் போட்ட ஓட்டைகள் கோணலாக இளித்துக்கொண்டிருந்தன.

"சைக்கிள் ட்யூப் காத்துக்குத் தாங்கும், பெட்ரோலுக்குத் தாங்காது. ஊறிப் பொதபொதன்னு ஆயிடும். ஆஃப்ல வச்சாலும் பெட்ரோல் பூந்து போவும். அதோட ரப்பர் பொடிப் பொடியா உதிர்ந்து, இன்ஜினுக்குப் பெட்ரோல் உடற கார்புரேட்டருக்குள்ள எறங்கும். அங்க ஒரு ஊசி, பெட்ரோல் ரொம்பினதும் வழிய அடைக்கணும். பொடி மாட்டிக்கினா அடைக்காது. ரொம்பி வழியும். வழியறது அதுக்கு அடில தொங்கற சின்ன ட்யூப் வழியா மண்ணுல சொட்டும். வெயில்ல ஆவியாயிடும், ஈரம் தெரியாது. ஆனா புல்லு செத்துடும். கொஞ்சம் இன்ஜினுக்குள்ளயும் எறங்கும். அதான் ஆயில் ஏறிகீது, கறுப்புப் பொகை வருது."

"அப்போ அந்த பாட்டிலு?" என்றான் தினகரன்.

"பாட்டில்ல முருங்கை இலை மிதக்குது. டாங்குல இருந்து ட்யூப் வழியா உருவினா இலை எப்படி வரும்? மரத்தடில, தொறந்த பாத்திரத்துல சொட்டு சொட்டா புடிச்சது அது." கனகா மோகனா பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா."

மோகனா சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பத்தடில வெறகடுப்பு எரியுது. சொட்றத அப்படியே உட முடியுமா? கிண்ணத்த வச்சிப் புடிச்சேன். திருப்பி ஊத்தலாம்னா சாவி இவருகிட்ட. சொன்னா, எவன் சொல்லிக் குட்த்தான்னு கேப்பாரு. முன்னாடியே ஒரு தரம் கேட்டாரு."

அவள் உள்ளே போய் அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துவந்தாள். பிரித்தாள். நாலு ஓட்டை போட்ட புது ரப்பர் வாஷர்.

"புதன்கெழம ஜெகன் கடைக்குப் போனது நெசந்தான். சொட்டுதுன்னு சொன்னேன். இத்த குட்த்து, 'அண்ணன் எங்கடைக்கு வர மாட்டாரு, நீ வாங்கினேன்னு சொல்லிக் குடு, அவரே மாட்டிக்குவாரு'ன்னு சொல்லிச்சு. நாலு நாளா வச்சிக்கினு கீறேன். குட்த்தா எங்க வாங்கினன்னு கேப்பீங்க. நான் இன்னா சொல்றது?"

தினகரன் தன் மேல் விழுந்த நான்கு பேர் பார்வையையும் தாங்க முடியாமல் கையிலிருந்த குச்சியைப் பார்த்தான். முப்பது கோடுகள் இருக்கும். ஒவ்வொரு கோடும் இவள் மேல் அவன் போட்ட பழி. வெட்கத்தில் காது மடல் சுட்டது.

"மாமா, தப்பு எம் மேலதான்" என்றான் பெருமாளிடம். "மோகனா, பைய உள்ள வை."

மோகனா பையைக் கையில் எடுத்தாள். "நான் அப்பாவோட போறேன். கோவத்துல இல்லீங்க. அலுத்துப் போச்சு. இந்த வண்டிய ஜெகன் கிட்ட உட்டு சரி பண்ணுங்க. வேற எங்கயும் வாணாம். சரியானதும் அதே வண்டில வந்து என்னக் கூப்புடுங்க, வர்றேன்."

பெருமாள் மருமகனை ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால் தினகரனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இருவரும் வாய்க்கால் பாதையில் நடந்து மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

"உதைக்காத தம்பி. ஆயில்ல பெட்ரோல் கலந்துகீது, இன்ஜின் போயிடும். தள்ளிக்கினுதான் போவணும்" என்று சொல்லிவிட்டுக் கனகா ஸ்கூட்டரைக் கிளப்பினார். தணிகைவேல் பின்னால் ஏறி உட்கார்ந்து, ஓட்டுகிறவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை தினகரன் முகம் சுளிக்கவில்லை. அந்த மனுஷன் மேல்தான் பொறாமையாக இருந்தது.

இரண்டு கிலோமீட்டரும் தள்ளினான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டம். தெரிந்தவர்கள் எல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். ஜெகன் கடைக்கு முன்னால் வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஜெகன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். ஆறு வருஷத்தில் முதல் தடவை. ஆனால் அவன் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. "வாண்ணா" என்று மட்டும் சொல்லி, ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டான்.

தினகரன் பொட்டலத்தை நீட்டினான். ஜெகன் தான் கொடுத்த காகிதத்தை அடையாளம் கண்டுகொண்டான். காக்கைத் திறந்து, ஊறிப்போன ட்யூப் துண்டின் மிச்சத்தைச் சுரண்டி எடுத்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாருண்ணா இதுல கை வச்சது? நல்ல காக்க இந்த கதி பண்ணி வச்சிகீறான்!"

கடையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செங்கல்பட்டு மெக்கானிக் மேல் பழியைப் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. தினகரனுக்கு அந்த எண்ணம் வராமல் இல்லை.

"நான்தான்" என்றான். சட்டைப்பையிலிருந்த துடைப்பக்குச்சியை இரண்டாக ஒடித்துக் கடை வாசல் குப்பையில் போட்டான். "எவ்ளோ நேரம் ஆவும் ஜெகன்? திருமுக்கூடல் வரைக்கும் போவணும்."